துணிவும் தயக்கமும்: நடுக்குவாதத்தின் மறுபக்கம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் பாதையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடியின் உச்சியை அடையலாம். ஊருக்குப் பெயர் தந்த ஆறு, வழவழப்பான உருண்டைப் பாறைகளுக்கிடையே ஓடிச் சென்று வாமனபுரம் ஆற்றுக்கு நீர் சேர்க்கிறது. கோடையில் கணுக்கால் நனையக் கடக்கக்கூடிய அதே ஆறு, மேலே மலையில் மழை பெய்துவிட்டால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே திடீரெனப் பெருகி வரும். ஆகவே, அந்த ஊர்க்காரர் எவரும் கல்லின்மேல் கால் வைக்குமுன் ஒரு கணம் மலையை அண்ணாந்து பார்ப்பர். பிறகுதான் துணிவர்.

'துணிதல்' என்னும் சொல்லை ஈண்டு வேண்டுமென்றே எடுத்தாண்டேன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குச் சொற்களை நிறுத்துப் பார்ப்பது பழகிப்போன ஒன்று. தமிழில் துணிவு என்றால் முடிவு என்றும் பொருள். தைரியம் என்றும் பொருள். ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவதும், இடருக்கு அஞ்சாமல் இறங்குவதும் நம் முன்னோர்க்கு ஒரே சொல்லில் அடங்கின. இவ்விரண்டும் மனித மூளையிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சி விளக்குகிறது. அதை விளக்குவதற்கு உதவிய நோய்களுள் ஒன்று, கையும் காலும் நடுங்கும் நோய் என்று மட்டுமே நாம் அறிந்திருக்கும் நடுக்குவாதம். அதாவது பார்க்கின்சன் நோய்.

என் பெரியப்பா ஒருவர் மலைத்தோட்டமொன்றில் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் கல்லாற்றருகே சிறிது நிலம் வாங்கிக் குடியிருந்தார். ஒரு ரூபாய்ச் செலவையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் இயல்பினர். அறுபது வயதைத் தாண்டியபின் அவருக்கு வலக்கை நடுங்கத் தொடங்கிற்று, நடை சுருங்கிற்று, கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துவிட்டது. மருத்துவர் நடுக்குவாதம் என்று கண்டு மருந்து கொடுத்தார். நடையும் கையும் தேறின, வீட்டார் மகிழ்ந்தனர். ஈராண்டு கழித்துப் பஞ்சாங்கத்தின் நடுவிலும், அரிசிப் பானைக்குப் பின்னாலும், தலையணை உறைக்குள்ளும் பரிசுச் சீட்டுகள் கட்டுக்கட்டாக அகப்பட்டன. அறிமுகமாகி இரண்டு வாரமே ஆன ஓர் இளைஞனுக்காக அவர் ஒரு கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து இட்டிருந்ததும் தெரியவந்தது. 'வயதான காலத்தில் புத்தி மாறிவிட்டது' என்றார் ஒருவர். 'உள்ளுக்குள் எப்போதும் இருந்த ஆசை இப்போது வெளிப்படுகிறது' என்றார் மற்றொருவர். பெரியப்பாவோ தலைகுனிந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தப்பென்று எனக்கே தெரிகிறது. ஆனால் சீட்டைக் கண்டதும் கை முந்திக்கொள்கிறது."

அவர் சொன்னது சாக்குப்போக்கு அன்று, மருத்துவ உண்மை. அதைப் புரிந்துகொள்ளச் சிறிது வரலாறு தேவைப்படுகிறது.

1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் அறுவரே. அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டு கவனித்தவர் மட்டுமே. உடல் நடுங்கினும் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்பது அவர் கருத்து. இக்கருத்தே நெடுங்காலம் நிலைத்தது. நம் நாட்டு ஆயுர்வேத மரபில் கம்பவாதம் என்று கூறப்படும் நோயும் பெயரளவில் நடுக்கத்தையே முதன்மையாகச் சுட்டுகிறது. உடலின் நோய் என்று கருதிய காரணத்தால், மனத்தில் நேரும் மாறுதல்களை எவரும் தேடவில்லை. தேடாததால் அவை கண்ணிலும் படவில்லை.

இந்நோயின் காரணமும் மருந்தும் கண்டறியப்பட்ட வரலாற்றில், கல்லாற்றைச் சூழ்ந்த மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் இரண்டு செடிகளுக்குப் பங்கு உண்டு என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. ஒன்று சர்ப்பகந்தி. அதன் வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவ இதழொன்றில் எழுதியது உலகின் கவனத்தை ஈர்த்தது. 1952-இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. மற்றொன்று பூனைக்காலி. அதன் காய்மீது உள்ள சுனை பட்டால் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும் என்பது காட்டோரத்துச் சிறுவர்க்கெல்லாம் தெரியும். அதன் விதையில் லெவோடோப்பா என்னும் பொருள் இருப்பதை 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். அக்காலத்தில் அதற்கு மருத்துவப் பயன் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இவ்விரு பொருள்களும் 1957-இல் சுவீடனில் சந்தித்தன. அர்விட் கார்ல்சன் என்னும் விஞ்ஞானி முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார்; அவை அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. பிறகு லெவோடோப்பாவை ஊசிமூலம் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின. மூளையில் டோப்பமின் என்னும் இரசாயனம் குறைந்தால் அசைவு நிற்கும், அது மீண்டும் கிடைத்தால் அசைவு திரும்பும் என்பது இதனால் விளங்கிற்று. 1960-இல் வியன்னாவில், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் மிகவும் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்னும் மருத்துவர் டோப்பாவை வாய்வழியே படிப்படியாக மிகுதியாகக் கொடுத்து நோயாளிகளை நடமாட வைத்தார். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோப்பாவே.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகக் கூற வேண்டும். கல்லாற்று வனப்பகுதி மூலிகை அறிவுக்குப் பெயர்போனது. அங்குள்ள காணி குடியைச் சேர்ந்த வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மையார்க்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அத்தகைய மரபறிவுக்கு உரிய மதிப்பைத் தருவது நம் கடமை. எனினும், பூனைக்காலியில் மருந்துப்பொருள் இருக்கிறதென்று கேட்டவுடன் விதையைத் தாமே பொடித்துண்பது தகாது. ஒரு விதையில் எவ்வளவு மருந்து உண்டு என்பது ஒரே அளவாக இராது; மருத்துவர் தரும் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு மீறிவிடும்.

அளவு மீறினால் என்ன? இக்கட்டுரையின் மையக்கேள்வி இதுதான்.

டோப்பமினுக்கு மூளையில் வேலை ஒன்றன்று. உடல் அசைவைத் தொடக்கி வைப்பது ஒரு வேலை. எது நமக்கு நன்மை தரும், எதை நாடிச் செல்லலாம் என்று கற்பிப்பது இன்னொரு வேலை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் குரங்குகளைக்கொண்டு இதை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோப்பமின் நரம்பணுக்கள் துடித்தெழுந்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், சாறு வரும்போது அவை துடிக்கவில்லை. விளக்கு எரிந்தபோதே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வாராதபோது, அவற்றின் ஓசை வழக்கத்திற்கும் கீழே தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கு மேல் கிடைத்தால் எழுச்சி. எதிர்பார்த்தது கிடைக்காவிடில் தாழ்ச்சி. அந்த எழுச்சி 'இன்னும் செய்' என்கிறது. அந்தத் தாழ்ச்சி 'இனிச் செய்யாதே' என்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பண்டை நாடாது என்று நாம் சொல்வோமல்லவா? பூனைக்கு அந்தப் பாடத்தைப் புகட்டுவதில் இந்தத் தாழ்ச்சிக்கும் பங்கு உண்டு.

நடுக்குவாதத்தில் மூளையின் அடித்தண்டில் உள்ள கருநிறத் திட்டொன்றிலிருக்கும் டோப்பமின் அணுக்கள் மடிகின்றன. நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரியும் வேளையில் அவ்வணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டிருக்கும். ஆனால் அழிவு எல்லாப் பகுதியிலும் ஒரே சீராக நிகழ்வதில்லை. அசைவைக் கவனிக்கும் பகுதி முதலில் வறள்கிறது; ஆசையையும் பயனையும் எடைபோடும் பகுதி தொடக்க ஆண்டுகளில் ஓரளவு வளமாகவே இருக்கிறது.

ஆற்றுப்பாசனம் அறிந்தவர்க்கு இதை ஓர் உவமையால் எளிதில் விளக்கலாம். ஒரு வாய்க்காலில் தலைமடை வயலுக்குப் போதிய நீர் இருக்கிறது. கடைமடை வயலோ காய்கிறது. கடைமடையைக் காப்பாற்ற மதகை அகலத் திறக்கிறோம். கடைமடைப் பயிர் பிழைக்கிறது. தலைமடைப் பயிரோ நீரில் மூழ்குகிறது. திறந்தவர் மேல் குற்றமில்லை. திறக்காவிட்டால் கடைமடை மடியும். நடுக்குவாத மருந்தின் நிலை இதுவே. கால் நடக்கத் தேவையான அளவு, ஆசையை எடைபோடும் பகுதிக்கு மிகையாகிவிடுகிறது. சிறப்பாக, டோப்பமினைப் போலவே செயற்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் முதலிய மருந்துகள் இப்பகுதியை மிகுதியாகத் தூண்டுகின்றன.

விளைவு என்ன என்பதை 2004-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபிராங்க் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையால் காட்டினர். சில குறிகளுள் எதைத் தேர்ந்தெடுத்தால் சரி, எதைத் தேர்ந்தெடுத்தால் தவறு என்பதை நோயாளிகள் அனுபவத்தாலேயே கற்றுக்கொள்ள வேண்டும். மருந்துண்ணாத வேளையில் அவர்கள் தவற்றிலிருந்து நன்கு கற்றனர். வெற்றியிலிருந்து அவ்வளவாகக் கற்கவில்லை. மருந்துண்ட வேளையில் நிலைமை தலைகீழாயிற்று. வெற்றி மனத்திற் பதிந்தது, தோல்வி பதியவில்லை. மனிதர் ஒருவரே, ஒரே நாளின் இரு வேளைகளில் அவர் கற்கும் பாடம் வேறு. மருந்து மிகும்போது அந்தத் தாழ்ச்சி நிரப்பப்பட்டுவிடுகிறது. 'இனிச் செய்யாதே' என்னும் குரல் கேட்பதில்லை. என் பெரியப்பா வாங்கிய நூறு சீட்டில் தொண்ணூற்றெட்டு விழவில்லை. ஆனால் விழுந்த இரண்டே அவர் மனத்தில் நின்றன.

இடரை எடைபோடும் திறனை ஆராய்வதற்கு 1994-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சீட்டாட்டம் அமைக்கப்பட்டது. நான்கு கட்டுகள், விளையாட்டுப் பணம் 2,000 டாலர். இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 100 டாலர் வீதம் கிடைக்கும். ஆனால் அவ்வப்போது பெருந்தண்டம் விழுந்து, பத்துச் சீட்டுக்குள் 250 டாலர் நட்டமாகும். மற்ற இரண்டில் சீட்டுக்கு 50 டாலரே கிடைக்கும். ஆயினும் தண்டம் சிறிதாதலால், பத்துச் சீட்டில் 250 டாலர் இலாபம் நிற்கும். நலமுடையோர் பலர் சில சுற்றுகளில் பளபளப்பைக் கைவிட்டுச் சிக்கனத்தைப் பற்றிக்கொள்கின்றனர். நடுக்குவாதமுடையோர் பலருக்கு இந்த மாற்றம் தாமதமாகிறது; சிலருக்கு நேருவதே இல்லை. எனினும் எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. மருந்தின் வகை, அளவு, நோயின் காலம், மனிதரின் இயல்பு ஆகியவற்றைப் பொறுத்து முடிவு வேறுபடுகிறது. மேலும், மருந்து போதாத நிலையில் இந்நோய் மனிதரை எதிர்ப்பக்கத்துக்கே தள்ளுவதுண்டு. எதிலும் ஊக்கமின்மை, புதியதில் இறங்கத் தயக்கம், அஞ்சி ஒதுங்குதல் ஆகியவை காணப்படும். எனவே 'நடுக்குவாதக்காரர் துடுக்கானவர்' என்று பொதுவாகச் சொல்வது பிழை. ஒரே நோய் தயக்கத்தையும் தரும். அதன் மருந்து துடுக்கையும் தரும். நடுவே நிற்கும் தராசைச் சரிப்படுத்துவதே மருத்துவரின் அரிய பணி.

இத்தகைய கட்டுமீறிய நடத்தை எத்தனை பேருக்கு நேர்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 13.6 பேரிடம் சூதாட்டம், அளவிறந்து பொருள் வாங்குதல், அளவிறந்து உண்ணுதல், காமமிகுதி ஆகியவற்றுள் ஒன்றாவது காணப்பட்டது. டோப்பமினைப் போலச் செயற்படும் மருந்துகளை உண்டவருள் அது நூற்றுக்கு 17.1, உண்ணாதவருள் 6.9.

நம் பகுதிக்கான கணக்கும் உண்டு. திருவனந்தபுரத்தில் 1976-இல் மருத்துவ மையமாகத் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக உயர்ந்தது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். அங்கே அசைவுக் கோளாறுகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கு வரும் நோயாளிகள் ஏறத்தாழ 300 பேரை ஆராய்ந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐவருள் இருவரிடம் ஏதேனும் ஒரு வகைக் கட்டுமீறிய நடத்தை இருந்தது. அதில் மிகுதியாகக் காணப்பட்டது சூதாட்டம் அன்று. ஒரே வேலையைப் பயனின்றித் திரும்பத் திரும்பச் செய்வது, அதாவது பெட்டியைக் கலைத்து அடுக்குவதும் கடிகாரத்தைப் பிரித்துப் பார்ப்பதும் போன்றவையே முன்னின்றன. காமமிகுதியும், பொருள் வாங்குவதும், மருந்தையே அளவுக்குமேல் உண்பதும் அடுத்து நின்றன. சூதாட்டமோ நூற்றுக்கு ஒருவர் இருவர் அளவே.

இந்த வேறுபாடு கருதத்தக்கது. மேலைநாடுகளில் சூதாட்ட விடுதிகள் பல. தமிழ்நாட்டில் 2003-இல் பரிசுச் சீட்டு தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ 1967-இல் அரசே பரிசுச் சீட்டுத் துறையைத் தொடங்கிற்று. 1968-ஆம் ஆண்டு குடியரசு நாளில் முதல் குலுக்கல் நடந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய், முதற் பரிசு 50,000 ரூபாய். இன்றும் தேநீர்க்கடை வாயிலில் சீட்டு கிடைக்கும். அவ்வாறிருந்தும் சூதாட்டம் குறைவாகவே காணப்பட்டது என்பதிலிருந்து நாம் அறிவது, துடுக்கு எந்த வாய்க்காலில் ஓடும் என்பதைச் சுற்றுப்புறமும் பழக்கமும் வளர்ப்பும் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதே. ஆகையால் சீட்டை மட்டும் தேடும் குடும்பத்தார், இரவெல்லாம் பழுதில்லாத வானொலிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும் தந்தையைக் கவனிக்கத் தவறிவிடலாம். வெட்கத்தினால் எவரும் வாய்திறவாத காமமிகுதியும் அவ்வாறே மறைந்து கிடந்து இல்லறங்களை முறிக்கலாம்.

இதுவரை பொருளைப் பற்றிய துணிவைக் கண்டோம். மனிதரைப் பற்றிய துணிவு இன்னும் நுட்பமானது. யாரை நம்புவது, யாருக்குக் கொடுப்பது, யாரிடம் கோபிப்பது என்பவற்றை நாம் பெரும்பாலும் பிறர் முகத்தையும் குரலையும் பார்த்தே முடிவு செய்கிறோம். நடுக்குவாதமுடையோர் சிலருக்கு, பிறர் முகத்திலும் குரலிலும் உள்ள சினத்தையும் அச்சத்தையும் அருவருப்பையும் அறிந்துகொள்ளும் திறன் மங்குகிறது. பிறர் என்ன எண்ணுகிறார் என்று ஊகிப்பதும் சிலருக்குக் கடினமாகிறது. அதே சமயம் அவர்களுடைய முகமும் தசை விறைப்பால் உணர்ச்சியற்ற முகமூடிபோல் ஆகிவிடுகிறது, குரலும் தாழ்கிறது. மகிழ்ந்தாலும் முகம் மலராது. நன்றி பொங்கினாலும் குரலில் ஒலிக்காது. என் பெரியப்பாவின் மருமகள், "மாமாவுக்கு என் சமையல் பிடிக்கவில்லை; தட்டைப் பார்த்து முறைக்கிறார்" என்று பல மாதம் மனம் வருந்தியிருந்தாள். அவரோ வெளியூர் வந்தவர்களிடமெல்லாம் அவளுடைய மீன்குழம்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவர் முகம் அவருக்குத் துரோகம் செய்தது.

நம்பிக்கையை அளப்பதற்கும் ஓர் ஆட்டம் உண்டு. ஒருவர் கையில் உள்ள பணத்தில் விரும்பிய பகுதியை முன்பின் அறியாத மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்த தொகை மூன்று மடங்காகும். பெற்றவர் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். இவ்வாட்டத்தை நடுக்குவாதமுடையோரிடம் நடத்திய சிறிய ஆஸ்திரிய ஆய்வொன்று 2015-இல் வெளியாயிற்று. அவர்கள் நலமுடையோரைவிடக் குறைவாகவே பிறரை நம்பினர் என்று அது கூறிற்று. சீட்டு வாங்கும் இடத்தில் மிகைத் துணிவு; மனிதரை நம்பும் இடத்தில் மிகைத் தயக்கம். இரண்டும் ஒரே நோயின் நிழலில் கூடி வரலாம். பெரியப்பாவிடம் அந்த இரண்டும் இருந்தன. முன்பின் தெரியாத இளைஞனுக்கு ஜாமீன் நின்றவர், தம் மூத்த மகன் வங்கிக்குப் போனால் சந்தேகப்பட்டார்.

மருந்துக்கு அப்பாற்பட்ட சிகிச்சை ஒன்றும் உண்டு. மூளையின் ஆழத்தில் நுண்ணிய மின்முனையைப் பொருத்தி, மார்புத்தோலுக்கு அடியில் வைத்த கருவியால் மின்துடிப்புச் செலுத்துவது அது. திருவனந்தபுரத்திலும் இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. மின்முனை பெரும்பாலும் வைக்கப்படும் சிறு பகுதி, ஒரு முடிவு எளிதாக இல்லாதபோது 'சற்றுப் பொறு' என்று மூளையைத் தடுத்து நிறுத்தும் கடிவாளம் போன்றது என்று 2007-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மின்துடிப்பு ஓடும்போது, கடினமான தேர்வில் நோயாளிகள் நின்று யோசிப்பதற்கு மாறாக விரைந்து முடிவு செய்தனர். சிகிச்சைக்குப்பின் மருந்தின் அளவு குறைவதால் சிலருக்குக் கட்டுமீறிய நடத்தை நீங்குகிறது. சிலருக்கு அவசரம் புதிதாகத் தலைகாட்டுகிறது. ஆதலால் அறுவைக்கு முன்னும் பின்னும் மனநிலையை ஆராய்வது இன்றியமையாதது.

இனி, இல்லத்தார் செய்யத்தக்கவை எவை எனப் பார்ப்போம்.

முதலாவது, கேட்பது. நோயாளி தாமாகச் சொல்லார், வெட்கம் தடுக்கும். மருத்துவர் கேட்காவிடினும் இல்லத்தார் சொல்ல வேண்டும். இளமையில் நோய் கண்டவர், முன்பே குடி, சூது முதலிய பழக்கமுடையவர், குடும்பத்தில் அத்தகையோர் உள்ளவர் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும். மருந்து தொடங்குமுன்னரே இந்த விளைவு நேரலாம் என்று நோயாளிக்கும் துணைவிக்கும் கூறிவிடுவது நலம். பிறகு நேரும்போது அதை ஒழுக்கக்கேடென்று எண்ணி அவர்கள் புழுங்கமாட்டார்கள்.

இரண்டாவது, மருந்தைத் தாமே நிறுத்தாமை. ஆத்திரத்தில் மாத்திரையைத் தூக்கியெறிவது பேராபத்து. லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் தசை விறைப்பும் உண்டாகி உயிருக்கே தீங்கு நேரலாம். மற்ற மருந்துகளைத் திடீரென விட்டாலும் அச்சம், சோர்வு, வியர்வை, தாங்கவொண்ணாத ஏக்கம் முதலியன வாட்டும். மருத்துவரே படிப்படியாகக் குறைத்தோ மாற்றியோ கொடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் பெரும்பாலோரிடம் கட்டுமீறிய நடத்தை தணிகிறது.

மூன்றாவது, உரிமையைப் பறிக்காமை. இதுவே மிகக் கடினமானது. நாடாளுமன்றம் 2016-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் நடுக்குவாதமும் இடம்பெற்றுள்ளது. சொத்தை உடைமையாகக் கொள்ளவும், தம் பணவிவகாரங்களைத் தாமே நடத்தவும் அத்தகையோர்க்கு மற்றவரோடு சமமான உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. துணை தேவைப்படும் இடத்தில், ஒருவருக்குப் பதிலாக மற்றவர் முடிவு செய்வதைக் காட்டிலும், இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு நம்பிக்கையோடு கூடி முடிவு செய்யும் வரையறுத்த காப்பு முறையையே அது வகுக்கிறது. அலுவலகத்தில் இத்தகைய வாசகங்களைப் படிக்கும்போது அவை வெறும் சொற்களாகத் தோன்றின. வீட்டில் அவற்றின் எடை தெரிந்தது.

நடந்தது இது. மருத்துவர் மருந்தை மெல்ல மாற்றினார். சில மாதங்களில் சீட்டு ஆசை அடங்கிற்று. பெரியப்பாவின் கால் முன்னிலும் சற்றுக் கனத்தது. "கால் கனத்தாலும் தலை இலேசாயிற்று" என்றார் அவர். ஜாமீன் கடனில் ஒரு பகுதியைக் கட்டித் தீர்க்கத்தான் வேண்டியிருந்தது. அதன் பின்னர் ஒருநாள், தம் நிலத்தில் ஒரு பாகத்தைக் கணவனை இழந்த தம் இளைய மகளுக்கு எழுதி வைக்க விரும்புவதாகக் கூறினார். "நோய் பேசுகிறது" என்றனர் ஆண்மக்கள். அவர்கள் அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. அண்மையில்தான் அவர் கையெழுத்து குடும்பத்தைக் கடனில் தள்ளியிருந்தது.

மருத்துவரிடம் யோசனை கேட்டோம். ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டா என்றும், மருந்து நன்கு வேலை செய்யும் வேளையிலும் அது இறங்கும் வேளையிலும், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் என்றும் அவர் கூறினார். மூன்று மாதத்தில் நான்கு முறை கேட்டோம். நான்கு முறையும் விடை ஒன்றே; காரணமும் ஒன்றே. "பிள்ளைகளுக்குச் சம்பளம் இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது?" சீட்டு வாங்கியபோது அவரால் ஒருமுறையும் காரணம் சொல்ல முடிந்ததில்லை. இப்போது கணக்குப் போட்டே காட்டினார். பத்திரம் பதிவாயிற்று, மூத்த மகனே சாட்சிக் கையெழுத்திட்டான்.

துடுக்கையும் துணிவையும் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. துடுக்கு காத்திருக்க மாட்டாது. காரணம் கேட்டால் சினக்கும். நேரத்துக்கு நேரம் மாறும். துணிவு காத்திருக்கும், நாளை கேட்டாலும் அதையே சொல்லும். பெருந்தொகைக்கும் கையெழுத்துக்கும் முன்னால் சில நாள் பொறுப்பது என்று நோயாளியும் இல்லத்தாரும் முன்கூட்டியே கூடி ஒப்புக்கொள்வார்களானால், ஒருவர் மானமும் கெடாது. மற்றவர் உடைமையும் கெடாது.

கல்லாற்றங்கரையில் அமர்ந்து பெரியப்பா இன்றும் ஆற்றைப் பார்க்கிறார். கல்லின்மேல் கால் வைப்பதில்லை. வைக்கலாமா என்று தாமே மலையைப் பார்த்துச் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவர் கையைக் கொடுக்கலாம். அவருக்காகத் தாமே ஆற்றைக் கடந்துவிட முடியாது. நடுக்குவாதமுடையோர் திறத்தில் நாம் செய்யத்தக்கதும் அவ்வளவே: கையைக் கொடுப்போம், துணிவை அவரிடமே விட்டுவைப்போம்.